போன் நம்பருக்கு இன்ட் வேண்டாம்

*பைதான் மொழியில் புரோகிராம் எழுதி 5, 5 கொடுத்துக் கூட்டினால் 55 வருகிறது. பைதானில் பிழையா?*

இல்லை. நாம் அடிப்பதை வாங்கும் இன்புட் எதை வாங்கினாலும் ஸ்ட்ரிங்காக, அதாவது எழுத்துத் தொடராகத்தான் தரும். இரண்டு ஸ்ட்ரிங்குக்கு நடுவில் + போட்டால் ஒட்டிக்கொள்ளும். வாங்கிய கையோடு இன்ட்டாக, அதாவது முழு எண்ணாக மாற்றுங்கள். சந்தேகம் வந்தால் டைப்பை (எண்ணா, ஸ்ட்ரிங்கா என்ற வகையை) அச்சிட்டுப் பாருங்கள்.

*சி மொழியில் 7-ஐ 2-ஆல் வகுத்தால் 3 வருகிறதே?*

இரண்டும் இன்ட், அதனால் பின்னத்தை வெட்டிவிடும். 2.0 என்று எழுதுங்கள்.

*புரோகிராம் ஓடவில்லை. என்ன காரணம்?*

எந்த மொழி, என்ன எழுதினீர்கள், திரையில் என்ன வந்தது, ஒன்றுமே சொல்லவில்லையே! பிழைச் செய்தியை முழுதாகப் படியுங்கள், பெரும்பாலும் வரி எண்ணே அதில் இருக்கும். அப்புறம் எழுதுங்கள்.

*ஜாவாவில் போன் நம்பருக்கு இன்ட் வைத்தேன், ஏற்கவில்லை. லாங் போடலாமா?*

வேண்டாம். லாங் என்பது இன்ட்டைவிடப் பெரிய முழு எண்ணுக்கான டைப். அதைப் போட்டால் ஓடிவிடும், ஆபத்தே அதுதான். இன்ட் சுமார் 214 கோடி வரைதான் தாங்கும். 9-இல் தொடங்கும் மொபைல் எண் 900 கோடியைத் தாண்டுகிறது. லாங்கில் இடம் உண்டு, சரி. ஆனால் நாளைக்கு ஒருவர் சென்னை லேண்ட்லைனை 044 சேர்த்துக் கொடுப்பார், முதல் பூஜ்யம் போய்விடும். புரோகிராமிலேயே 044 என்று எழுதினால் இன்னும் மோசம்: முன்னால் பூஜ்யம் இருப்பதால் எட்டின் அடிமான எண் என்று எடுத்துக்கொண்டு ஜாவா 36 (4×8 + 4) என்று வைத்துக்கொள்ளும். எக்செல்லிலும் இதே தொல்லைதான். 16 இலக்கக் கணக்கு எண்ணை எண்ணாகவே அடித்தால் 15 இலக்கம்தான் நிற்கும், கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். அப்படிக் கெட்டுப்போன பட்டியல் ஒன்றைச் சரிசெய்ய இரண்டு நாள் உட்கார்ந்திருக்கிறேன். போன இலக்கத்தை எந்தக் கணக்கும் மீட்டுத் தராது, ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் கேட்க வேண்டியதுதான். டைப் முடிவு செய்யும் முன் ஒன்று யோசியுங்கள்: இதைக் கூட்டவோ கழிக்கவோ போகிறோமா? இரண்டு பேருடைய போன் நம்பரைக் கூட்டி யாருக்கு என்ன பயன்? ஸ்ட்ரிங் வையுங்கள். பின்கோடு, ஆதார், ரோல் நம்பர் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

*'தமிழ்' மூன்றெழுத்துதானே? பைதான் 5 என்கிறதே?*

கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் யூனிகோடு முறையில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்தும் தனித்தனி. பைதானில் நீளம் சொல்லும் லென் அவற்றைத்தான் எண்ணுகிறது. குறிகளையும் புள்ளியையும் விட்டுவிட்டு எண்ணினால் 3 கிடைக்கும்.

*கடை பில்லுக்கு ஃப்ளோட் (தசம எண்ணுக்கான டைப்) போதுமா?*

போதாது. 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டிப் பாருங்கள், 0.30000000000000004 வரும். இரும எண்ணில் 0.1-ஐ முழுதாக எழுத முடியாது. தொகையைப் பைசாவாக்கி இன்ட்டில் வையுங்கள், அச்சிடும்போது மட்டும் ரூபாயாகக் காட்டுங்கள்.

*ஒரே வேரியபிளில் (மதிப்பை வைக்கும் இடத்தில்) முதலில் எண், பிறகு பெயர் வைக்கலாமா?*

ஜாவா விடாது. பைதான் விடும், ஆனாலும் வைக்காதீர்கள். ஏற்கெனவே வைத்திருந்தால், கூட்டும் வரிக்கு முன்னால் டைப்பை அச்சிட்டுப் பாருங்கள்.