மேகசின் கையில்... தோட்டா எங்கே?

கேள்வி: மேகசினை (தோட்டாக்களை அடுக்கும் பெட்டியை) கழற்றிவிட்டால் பிஸ்டல் வெடிக்காதுதானே? துடைக்கும்போதுதான் விபத்து அதிகம் என்கிறார்களே?

பதில்: வெடிக்கும். மேகசின் வெளியே வந்தாலும் சேம்பரில் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையில்) ஒரு தோட்டா தங்கியிருக்கலாம். பிரவுனிங் ஹை-பவர் போன்ற சில பிஸ்டல்களில் மேகசின் இல்லாவிட்டால் விசை (டிரிகர்) வேலை செய்யாது. கிளாக் பிஸ்டலில் அந்தத் தடுப்பு இல்லை. போதாக்குறைக்கு, துடைப்பதற்காகக் கிளாக்கைப் பிரிக்க விசையை அழுத்தியே ஆகவேண்டும். துடைக்க உட்கார்ந்தவர் சுட்டுக்கொள்வது இங்கேயும் நடக்கும்.

வரிசை மாறக்கூடாது. குழல் ஆளில்லாத திசையில், விரல் விசைக்கு வெளியே பிஸ்டலின் சட்டத்தின்மேல் நீட்டியபடி இருக்கட்டும். முதலில் மேகசினைக் கழற்றுங்கள். பிறகே ஸ்லைடை (பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதியை) முழுதாகப் பின்னிழுங்கள். தோட்டா இருந்தால் வெளியே விழும். தலைகீழாகச் செய்தால், முன்னே திரும்பும் ஸ்லைடு மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவைச் சேம்பருக்குள் தள்ளிவிடும். அப்புறம் மேகசினைக் கழற்றி என்ன பயன்? ஸ்லைடைப் பின்னால் பூட்டி, சேம்பரைக் கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலாலும் தடவுங்கள். தோட்டாவை வெளியே இழுக்கும் கொக்கி (எக்ஸ்ட்ராக்டர்) உடைந்திருந்தால் ஸ்லைடை இழுத்தாலும் தோட்டா உள்ளேயே நிற்கும். துடைக்கும் மேசையில் தோட்டாவே வேண்டாம்.

உறையில் செருகும்போது சட்டை நுனி விசையில் மாட்டும், பார்த்துச் செருகுங்கள். கை நழுவினால் விழட்டும். தாவிப் பிடிக்கும் விரல்தான் விசையில் போய் நிற்கும்.