பார்ப்போம் தம்பி

அன்புள்ள ஐயா,

சென்னையில் ஆறு வருடம் கணினி நிறுவனத்தில் இருந்தேன். இப்போது ஊர்ப்பக்கமே திரும்பி, தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் செய்யும் பட்டறை ஒன்றில் ஆர்டரும் கணக்கும் பார்க்கிறேன். போன மாதம் பெங்களூர் வீடு ஒன்றுக்கு 400 கல் கேட்டார்கள். மேஸ்திரியிடம், "வெள்ளிக்கிழமை அனுப்பிடலாமாண்ணே?" என்றேன். "பார்ப்போம் தம்பி" என்றார். நானும் வெள்ளிக்கிழமை என்று சொல்லிவிட்டேன். லாரி கிளம்பியது அடுத்த புதன்கிழமை. நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். முடியாது என்றால் முடியாது என்று சொல்ல என்ன கஷ்டம்? கேட்டால், "அதான் அன்னைக்கே சொன்னேனே" என்கிறார்.

வாசகர் ஒருவர், காரைக்குடி

அன்புள்ள நண்பருக்கு,

அவர் சொல்லத்தான் சொன்னார். நம் பக்கம் 'பார்ப்போம்' என்றால் முக்கால்வாசி நேரம் முடியாது என்றுதான் பொருள். பெண் பார்க்க வந்தவர்கள் "கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்புறோம்" என்று எழுந்தால், யாராவது பந்தல்காரரைத் தேடி ஓடுகிறோமா? வீட்டில் இருக்கும் அந்தக் காது பட்டறை வாசலில் எங்கே போனது?

நானும் இதில் யோக்கியனில்லை. முதல் வேலையில் மேலதிகாரி, "அந்தக் கடிதம் போயிருச்சா?" என்று கேட்டார். "இல்லை சார்" என்று உண்மையைச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன். மறுநாளும் கேட்டார், மறுநாளும் உண்மையே சொன்னேன். அனுப்பு என்பதைத்தான் அந்த மனிதர் அப்படிக் கேட்கிறார் என்று பக்கத்து மேஜைக்காரர் சொல்லித்தான் தெரிந்தது.

உங்கள் கேள்வியையும் கொஞ்சம் பாருங்கள். நாலு பேர் கைவேலையாக இருக்கும்போது நின்றுகொண்டு கேட்டிருப்பீர்கள். அத்தனை பேர் முன்னால் தன்னால் முடியாது என்று எந்த மேஸ்திரியும் சொல்ல மாட்டார். தவிர, அவர் வேலையில் கிழமையே கிடையாது. கண்ணாடிமேல் அச்சை வைத்து வர்ணச் சிமெண்டை ஊற்றி, உலர்ந்த மணல் சிமெண்டைத் தூவி, அதன்மேல் ஈரக் கலவை போட்டு மட்டம் பண்ணுகிறார்கள். இறுகியபின் தண்ணீர்த் தொட்டியில் பல நாள் ஊறவேண்டும், மறுபடி காயவேண்டும். நடுவில் இரண்டு நாள் வானம் மூடினால் யார் என்ன செய்வது? ஆகவே "எத்தனை கல்லு தொட்டியில இறங்கியிருக்குண்ணே?" என்று கேளுங்கள். அதற்குப் 'பார்ப்போம்' என்று பதில் சொல்ல வராது. எண்ணிக்கைதான் வரும். கிழமையை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

பர்மாவிலும் மலேயாவிலும் செட்டிநாட்டார் வட்டிக்கடை நடத்திய காலத்தில் கடையை நடத்த மேலாள், அவருக்கு அடுத்தபடியாக அடுத்தாள், கடைசியில் எடுபிடிக்குப் பெட்டியடிப் பையன் என்று வரிசை உண்டு. முதலாளி இங்கே தேவகோட்டையிலோ காரைக்குடியிலோ இருப்பார். முகம் பார்க்க வழியில்லாததால் அவருக்கு எல்லாமே எழுத்துதான். கணக்கும் கடிதமும் கப்பலேறி வரும். அதே கடையில் பெட்டியடிப் பையனுக்கு யாரும் எதையும் எழுதிக் கொடுப்பதில்லை. ஏவின வேலையைச் செய்துகொண்டு, மேலாள் முகத்தைப் பார்த்தே தொழிலைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

உங்களுக்கு இரண்டு வேலையும் ஒரே சம்பளத்தில் வாய்த்திருக்கிறது. பெங்களூர்க்காரருக்குத் தேதி போட்டு எழுதுங்கள், நாலு நாள் கூட்டியே போடுங்கள். மேஸ்திரியிடம் டீ நேரத்தில், தொட்டிப் பக்கம் போய்ப் பேசுங்கள். வாட்ஸப்பில் அவருக்குக் கேள்விக்குறி அனுப்பும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், அதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

அது சரி, 400-இல் உடையாமல் போய்ச் சேர்ந்தது எத்தனை? அதை எழுதவே இல்லையே.