கொடிவழி எழுத எங்கிருந்து தொடங்குவது?

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய தாத்தா பின்னி ஆலையில் வேலை பார்த்தவர். வாசகி பிறப்பதற்கு முன்பே அவர் காலமாகிவிட்டார். ஆயாவுக்கு 86 வயது. பள்ளியில் மகளுக்குக் கொடிவழி, அதாவது குடும்ப மரம், வரையும் வீட்டுப்பாடம் கொடுத்தபோது மூன்று தலைமுறைக்கு மேல் ஒரு பெயர்கூட எழுத முடியவில்லையாம். எந்தச் செயலியில் தொடங்குவது, எந்த அலுவலகத்தில் கேட்பது, எவ்வளவு தூரம் பின்னால் போக முடியும் என்பவை அவருடைய கேள்விகள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். முறையாகத் தேடினால் பெரும்பாலான குடும்பங்களில் ஐந்து தலைமுறை வரை பெயர் சொல்லிப் போக முடிகிறது என்பது என் அனுபவம். அதற்கு மேல் போக வேண்டுமானால் நிலமோ, கோயிலோ, தேவாலயமோ ஏதாவது ஒன்றின் பதிவேடு கைகொடுக்க வேண்டும். ஆனால் செயலியையும் அலுவலகத்தையும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். உங்கள் குடும்பத்தின் மிக முக்கியமான பதிவேடு 86 வயதில் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமையே அவருடன் உட்காருங்கள்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் கேட்டு முடிக்க முயலாதீர்கள். முக்கால் மணி நேரம் போதும். அவர் களைப்படைவதற்கு முன் நிறுத்திவிட்டு மறுவாரம் தொடருங்கள். கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்வதற்கு முன் அவரிடம் சொல்லி அனுமதி பெறுங்கள். "உங்கள் வம்சத்தைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால் எந்தப் பெரியவருக்கும் எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாது. பழைய கல்யாணப் படம் ஒன்றைக் கையில் கொடுத்து, இடது ஓரத்தில் நிற்பவர் யார், அவர் எந்த ஊரிலிருந்து வந்தார், அவர் வீட்டுக்காரம்மா பெயர் என்ன என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே போங்கள். அந்தப் படமே அவருடைய நினைவை முன்னால் நடத்திக்கொண்டு போகும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். நம் உறவுச் சொற்கள் வீட்டுக்குள் இதமானவை. ஆனால் கொடிவழி எழுதுகிறவரை அவை பல இடங்களில் தடம் மாற்றிவிடும். பெரியப்பா என்றால் அப்பாவின் அண்ணனாகவும் இருக்கலாம், அம்மாவின் அக்கா வீட்டுக்காரராகவும் இருக்கலாம். சித்தி என்பவர் அம்மாவின் தங்கையா, சித்தப்பாவின் மனைவியா, அல்லது தாத்தா செய்துகொண்ட இரண்டாம் தாரத்தைப் பிள்ளைகள் அழைத்த முறையா என்பது அந்தச் சொல்லிலிருந்து தெரியாது. ஆகவே ஒவ்வொரு பெயருக்கும் "கூடப் பிறந்தவரா? ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளா? யாருக்கு யார் பெண் கொடுத்தது?" என்று கேட்டு உறுதி செய்த பிறகே கோடு போடுங்கள். பேரனுக்குத் தாத்தாவின் பெயரை வைக்கும் வழக்கம் உள்ள குடும்பங்களில் ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை திரும்பத் திரும்ப வரும் என்பதையும் மறக்க வேண்டாம். பெயரன் என்பதுதான் பேரன் ஆயிற்று. மறந்துபோன பூட்டன் பெயரை ஊகிக்க அந்த வழக்கம் உதவும். கவனக்குறைவாக இருந்தால் இரண்டு பேரை ஒருவராக்கியும் விடும்.

பெண்களின் பெயரை விடாப்பிடியாகக் கேளுங்கள் என்பதே இந்த வேலையில் நான் எல்லோரிடமும் மன்றாடுவது. அப்பா, தாத்தா, பாட்டனார் என்று ஆண்வழி ஏதோ ஒரு முதலெழுத்திலாவது தங்கியிருக்கும். ஆயாவின் அம்மா பெயரோ, இன்று ஆயாவைத் தவிர உலகில் வேறு எவருக்கும் தெரியாததாக இருக்கக்கூடும். அவர் எந்த ஊரில் பிறந்தார், எந்த வீட்டுப் பெண், அண்ணன் தம்பி எத்தனை பேர் என்பதை முதல் நாளிலேயே கேட்டுவிடுங்கள்.

ஆண்டு கேட்டால் பெரியவர்கள் திகைப்பார்கள். ஆனால் ஊரைக் குலுக்கிய நிகழ்ச்சிகளோடு இணைத்துக் கேட்டால் சரியாகச் சொல்வார்கள். எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் துறைமுகத்தருகே எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது 1914 செப்டம்பர். பின்னி ஆலையின் நெடிய வேலைநிறுத்தம் 1921. ஜப்பான் படையெடுப்புக்கு அஞ்சிச் சென்னையைக் காலி செய்து மக்கள் ஊர்களுக்குப் போனது 1942 ஏப்ரல். பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பங்கள் வியாசர்பாடிப் பக்கம் குடியேறியது 1960களில். "அண்ணா செத்தப்போ உன் மாமா கைக்குழந்தை" என்று ஆயா சொன்னால், 1969 பிப்ரவரி என்ற நங்கூரம் உங்கள் கையில் வந்துவிடுகிறது. ஜாதகம் கிடைத்தால் இன்னும் நல்லது. அதில் வரும் தமிழ் ஆண்டுப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். விக்ரம வருடம் 1940இலும் 2000இலும் பிறந்தது. சித்திரையில் ஆண்டு பிறப்பதால், விக்ரம வருடம் ஆவணி என்றால் 1940 ஆகஸ்ட்–செப்டம்பர், அதே வருடம் மாசி என்றால் 1941 பிப்ரவரி–மார்ச். இந்தக் கணக்கில் சறுக்கி ஒரு வருடம் பிசகுவதைப் பல கொடிவழிகளில் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது பரண். கல்யாணப் பத்திரிகை, காரியப் பத்திரிகை, மொய் நோட்டு ஆகிய மூன்றையும் பழைய பேப்பர்காரரிடம் போடாமல் வைத்திருக்கும் வீடு கொடுத்துவைத்த வீடு. பத்திரிகையில் மகன் வழிப் பேரன், மகள் வழிப் பேத்தி என்று மூன்று தலைமுறை ஒரே தாளில் இருக்கும். மொய் நோட்டிலோ ஊர்ப்பெயரோடு வந்த உறவினர் பட்டியலே இருக்கும். ஒரே ஊரிலிருந்து ஏழெட்டுப் பேர் வந்து எழுதியிருந்தால், அந்த ஊரில் உங்களுக்குப் பங்காளியோ சம்பந்தியோ இருக்கிறார் என்று பொருள். பாத்திரங்களையும் இறக்கிப் பாருங்கள். காசிமேட்டில் ஒரு வீட்டில், மறைந்த பாட்டியின் பிறந்த ஊர் எது என்று எவருக்கும் தெரியவில்லை. பரணிலிருந்து இறக்கிய பித்தளை அண்டாவின் விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாக ஏதோ வெட்டியிருந்தது. களிம்பேறிப் படிக்க முடியாமல் இருந்த அந்த இடத்தைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, குழிகளில் கோலமாவைத் தடவினோம். அவருடைய தாய்மாமன் பெயரும், பழவேற்காடு என்ற ஊரும், 1946 என்ற ஆண்டும் வெள்ளை எழுத்துகளாக எழுந்து வந்தன. சீர்வரிசைப் பாத்திரத்தில் பெயர் வெட்டிக் கொடுத்த அந்த மனிதர் தம் தங்கை மகளின் வரலாற்றை அதில் எழுதிவைத்திருந்தார்.

வீட்டில் கிடைப்பது தீர்ந்த பிறகே அலுவலகம். சென்னையில் நடந்த பிறப்பு, இறப்புகளின் சான்றிதழை மாநகராட்சி இணையதளத்தில் கட்டணமின்றித் தேடி எடுக்கலாம். அதில் அகப்படாத பழைய பதிவுகளுக்கு மண்டல அலுவலகத்தில் மனுக் கொடுக்க வேண்டும். பழைய பதிவுகளில் குழந்தையின் பெயருக்கு உரிய இடம் வெறுமையாக இருப்பது சாதாரணம் என்பதால், தந்தை பெயரையும் தேதியையும் கொண்டு தேடுங்கள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். ஆகையால் மூத்த பிள்ளையின் பிறப்பு பதிவாகியிருக்கும் ஊர் பெரும்பாலும் அந்தத் தாயின் ஊராக இருக்கும். பாட்டியின் பிறந்தவீட்டைத் தேடுகிறவர்களுக்கு இது நல்ல தடயம். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் உள்ள பிறந்த தேதியை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். பள்ளியில் சேர்க்கும் வயதுக்குத் தோதாக ஆசிரியரே மே, ஜூன் மாதங்களில் ஒரு தேதியை எழுதிவிட்ட காலம் அது.

தாத்தா ஆலையில் வேலை பார்த்தவர் என்பதால் வருங்கால வைப்புநிதி வாரிசு நியமனத் தாள், பணிச் சான்று, இ.எஸ்.ஐ. அட்டை போன்றவை பழைய டிரங்குப் பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். ரயில்வேயிலும் துறைமுகத்திலும் வேலை பார்த்த குடும்பங்களுக்குப் பணிப்பதிவேடும் ஓய்வூதியப் புத்தகமும் இதே பயனைத் தரும். தாத்தா இறந்தபின் வட்டாட்சியர் அலுவலகத்தில் வாங்கிய வாரிசுச் சான்றிதழில் மனைவி, மகன், மகள் எல்லோருடைய பெயரும் வயதோடு இருக்கும்.

நிலமோ வீடோ இருந்த குடும்பத்துக்கு மூலப்பத்திரத்தைவிடச் சிறந்த சான்று இல்லை. இன்னாருடைய குமாரர் இன்னார், இன்னாருடைய பாரியாள் இன்னார் என்று அதில் உறவோடு எழுதியிருப்பார்கள். பாகப்பிரிவினைப் பத்திரம் என்றால் அண்ணன் தம்பிகள் அத்தனை பேரும் அதில் இருப்பார்கள். 1989இல் தமிழ்நாட்டில், அதுவரை மணமாகாத இந்து மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு வந்தபின் எழுதிய விடுதலைப் பத்திரங்களில் (தம் பங்கை விட்டுக்கொடுத்து எழுதுபவை) பெண்மக்களின் பெயர்களும் தென்படும். வில்லங்கச் சான்று இணையத்தில் பெரும்பாலும் 1975 முதல் கிடைக்கிறது. அதற்கு முந்தியதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துத் தேட வேண்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தாத்தா பெயரைத் தேடலாமா என்று பலர் கேட்கிறார்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி தனிநபர் படிவங்கள் இரகசியமானவை. அந்த வழி நமக்கு இல்லை.

வடசென்னையில் பல குடும்பங்களின் பூர்வீகம் செங்கற்பட்டு, ஆற்காடு, நெல்லூர்ப் பக்கம் இருப்பதால் தேடல் ஏதோ ஒரு கட்டத்தில் நகரை விட்டு வெளியேறும். குலதெய்வம் எந்த ஊரில் இருக்கிறது என்று ஆயாவைக் கேளுங்கள். அந்தக் கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வசூலிக்கும் வழக்கம் இருந்தால், வரி நோட்டில் கல்யாணமான ஆண்கள் எல்லோரும் குடும்பவாரியாக இருப்பார்கள். நோட்டை வைத்திருப்பவர் உங்கள் பங்காளியாகவே இருக்கக்கூடும். கிறிஸ்தவக் குடும்பங்களுக்குப் பங்கு ஆலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடும் திருமணப் பதிவேடும், முஸ்லிம் குடும்பங்களுக்கு ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேடும் இந்த இடத்தை நிரப்பும். அங்கெல்லாம் போகும்போது உங்களிடம் இருக்கும் கொடிவழியின் நகல் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுங்கள். வெறுங்கையோடு கேட்பவரைவிடக் கொடுத்துக் கேட்பவருக்குக் கதவு சீக்கிரம் திறக்கும்.

இவற்றைப் பதிவதற்கு எளிய எண்முறை ஒன்று உண்டு. உங்கள் மகளுக்கு 1, அவள் அப்பாவுக்கு 2, அம்மாவாகிய உங்களுக்கு 3. எவருடைய எண்ணையும் இரட்டித்தால் அவருடைய தந்தை, இரட்டித்து ஒன்று கூட்டினால் தாய். நம் குடும்பங்களில் மாமன் மகளையும் அக்கா மகளையும் கட்டுவதால், ஒருவரே இரண்டு எண்களில் வருவார். அக்கா மகளை மணந்தவரின் பிள்ளைக்கு அப்பாவின் தாய் 5. அவரே அம்மாவழிப் பாட்டியின் தாயாக 15 ஆகவும் நிற்பார். இது பிழையன்று. செயலியில் ஏற்றும்போது அவரை இரண்டு நபர்களாகப் புதிதாகச் சேர்க்காமல், ஒரே நபரை இரண்டு இடங்களிலும் இணைக்க வேண்டும்.

செயலிகளில் கிராம்ப்ஸ் கணினியில் இலவசமாக இயங்குவது. தகவல் உங்களிடமே இருக்கும். ஃபேமிலிசர்ச்சும் இலவசம்தான், ஆனால் அதில் இறந்தவர்களின் பக்கங்கள் எல்லோருக்கும் பொதுவானவை. உங்கள் தாத்தாவின் பக்கத்தை வேறொருவர் திருத்த முடியும். எதைத் தேர்ந்தாலும், வேறு செயலிகளும் படிக்கக்கூடிய பொது வடிவமான ஜெட்காம் கோப்பாக வெளியே எடுக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். குடும்பப்பெயர் கேட்கும் கட்டத்தில் முதலெழுத்தைப் போட வேண்டாம். தந்தையின் பெயரை முழுமையாக எழுதுங்கள். பெண்ணுக்குக் கணவர் பெயரை அல்ல, அவளுடைய தந்தையின் பெயரையே எழுதுங்கள். ஒவ்வொரு தகவலுக்கும் யார் சொன்னது, எந்தத் தேதியில் சொன்னது என்ற குறிப்பு கட்டாயம் இருக்க வேண்டும். இருவர் சொல்வது முரண்பட்டால் இரண்டையும் எழுதுங்கள். உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதி, ஆதார் எண் போன்றவற்றை இணையத்தில் ஏற்றக் கூடாது.

பேச்சுக்கு நடுவே ஆயா குரலைத் தாழ்த்தி ஏதாவது சொல்லக்கூடும். மறைத்துவைத்த இரண்டாம் கல்யாணமோ, சுவீகாரம் எடுத்த பிள்ளையோ, வீட்டை விட்டுப் போய் மணந்ததற்காகப் பெயரே சொல்லாமல் விட்டுவிட்ட ஒரு தங்கையோ அதில் இருக்கலாம். அப்போது ஒலிப்பதிவை நிறுத்திவிட்டு, இதை எழுதலாமா என்று அவரையே கேளுங்கள். வேண்டாம் என்றால் மகளின் பள்ளிக்குப் போகும் தாளில் அது வேண்டாம். ஆனால் அந்தத் தங்கையின் பெயரை மட்டுமாவது உங்கள் நோட்டில் எழுதிக்கொள்ள அவரிடம் இடம் கேளுங்கள். அந்தப் பெயரைச் சொல்ல ஆயாவே பல வருடம் காத்துக்கொண்டிருந்திருக்கலாம்.