மான்களிடமிருந்துதான் மாடுகளுக்குப் பூச்சிவழி வைரஸ் நோய்கள் வருகின்றனவா?

காட்டோரத்தில் மான்கள் இறந்து கிடப்பதைக் கண்டதும் நோய் அங்கிருந்துதான் மந்தைக்கு வரப்போகிறது என்று அஞ்சுவது இயல்பு. கால்நடை மருத்துவம் படிக்கத் தொடங்கிய காலத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் பூச்சிவழி நோய்களில், நோயால் மடியும் விலங்கும் நோயைச் சுமந்து திரியும் விலங்கும் பெரும்பாலும் வேறு வேறாகவே இருக்கின்றன.

நீலநாக்கு நோயை எடுத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல், முகவீக்கம், வாய்ப்புண், நொண்டல் என்று அவதிப்பட்டு இறப்பது செம்மறியாடு. அதே வைரஸ் மாட்டின் உடலில் புகுந்தால் பல சமயம் வெளியே எதுவும் தெரிவதில்லை. மாடு வழக்கம்போல மேய்ந்துகொண்டிருக்கும், வைரஸோ அதன் ரத்தத்தில் வாரக்கணக்கில் இருக்கும். உலக விலங்கு நல அமைப்பு இந்நோயின் தொற்றுக்காலத்தை, அதாவது தொற்றிய விலங்கிடமிருந்து நோய் பரவக்கூடிய காலத்தை, 60 நாள்கள் என வரையறுத்திருக்கிறது. எனவே ஆடுகள் சாகும் ஊரில் நான் முதலில் சந்தேகிப்பது நலமாகத் தெரியும் மாட்டைத்தான்.

கொள்ளை ரத்தக்கசிவு நோய் இதன் நெருங்கிய உறவு. வைரஸும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தது, பரப்புவதும் நீலநாக்கைப் பரப்பும் அதே கியூலிகாய்டஸ் என்னும் ரத்தம் குடிக்கும் சிறு பூச்சிதான். இங்கே மடிவது வட அமெரிக்காவின் வெள்ளைவால் மான். கடுங்காய்ச்சலில் தண்ணீரைத் தேடிப் போவதால், அவற்றின் உடல்கள் பெரும்பாலும் குளம், ஓடைக் கரைகளில் கிடைக்கின்றன. 1955இல் நியூஜெர்சியில்தான் இது தனி நோயாக அடையாளம் காணப்பட்டது. மாடுகளுக்கு இது லேசானது என்று நெடுங்காலம் சொல்லப்பட்டாலும், ஜப்பானில் 1959இல் இதன் ஒரு வகையான இபராகி நோயும், 2022 முதல் இத்தாலி, ஸ்பெயின், பிரான்ஸ் நாடுகளில் பரவிய வகையும் மாடுகளையும் வாட்டின.

அப்படியானால் மான்களுக்குப் பங்கே இல்லையா என்றால், உண்டு. ஸ்பெயினின் செம்மான்களிடம் நீலநாக்கு வைரஸ் தொற்றியதற்கான தடயங்கள் பரவலாகக் கிடைத்துள்ளன; அவை பெரும்பாலும் நோயுறுவதுமில்லை. தடுப்பூசி போட்ட மந்தைக்கு அருகில் வைரஸ் நீடித்திருக்க இத்தகைய விலங்குகள் உதவக்கூடும். ஆனால் குற்றவாளி மான் என்று தீர்ப்பெழுத இது போதாது.

நடுவில் நிற்கும் பூச்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1 முதல் 3 மில்லிமீட்டர் அளவேயுள்ள இது ஈரமண்ணிலும் சாணம் கலந்த சேற்றிலும் பெருகி, அந்தியிலும் விடியலிலும் அதிகமாகக் கடிக்கிறது. காற்றடித்தால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர்கூட அடித்துச் செல்லப்படலாம். வெப்பம் கூடினால் பூச்சிக்குள் வைரஸ் விரைவாகப் பெருகுகிறது, குளிரில் ஏறத்தாழ நின்றுவிடுகிறது. 2006இல் நெதர்லாந்து, பெல்ஜியம், ஜெர்மனி பகுதிகளில் நீலநாக்கு முதன்முறையாகத் தோன்றியபோது, அதைப் பரப்பியவை அங்கேயே நெடுநாளாக வாழ்ந்த உள்ளூர்ப் பூச்சிகள் என்பது பலருக்கும் வியப்பளித்தது. ஆகவே வேலி போட்டு மானைத் தடுப்பதால் பயன் மிகக் குறைவு. நோய்ப் பகுதியிலிருந்து வரும் மாட்டை ரத்தப் பரிசோதனைக்குப் பின்னரே மந்தையில் சேர்ப்பதும், பரவியிருக்கும் வகைக்கு உரிய தடுப்பூசியைப் போடுவதும் பலன் தருபவை. நீலநாக்கு வைரஸில் 24க்கும் மேற்பட்ட வகைகள் இருப்பதால், ஒன்றுக்கான தடுப்பூசி மற்றொன்றிலிருந்து காக்கும் என நம்ப முடியாது.

இவ்விரண்டு நோய்களும் மனிதருக்குத் தொற்றுவதில்லை. கொசுவழி கால்நடைகளுக்குப் பரவும் ரிஃப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சல் அப்படியல்ல; நோயுற்ற விலங்கைத் தொடுவதாலும் அது மனிதருக்குத் தொற்றும். வறட்சியில் ஆண்டுக்கணக்கில் வைரஸுடன் மண்ணில் கிடக்கும் கொசு முட்டைகள் பெருமழைக்குப் பின் பொரிந்து அதைக் கிளப்பிவிடுகின்றன. 1997–98இல் கிழக்கு ஆப்பிரிக்காவில் நடந்தது அதுதான். அந்நோய் உள்ள நாடுகளில் கருக்கலைந்த ஆட்டையோ மாட்டையோ கையுறையின்றித் தொடக்கூடாது.