நடுக்களத்துப் பையன் – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கிறேன். என் பையனுக்குப் போன மாசியில் பதினேழு முடிந்தது. பிளஸ் டூ படிக்கிறான். எட்டாவதிலிருந்து ஃபுட்பால்தான் அவனுக்கு எல்லாம். மிட்ஃபீல்டர். நடுக்களத்தில் ஆடுகிறவன், கோல் அதிகம் போட மாட்டான், ஆனால் அவன் இல்லாவிட்டால் டீம் ஓடாது என்று கோச் சொல்கிறார். சென்னையிலிருந்து வந்த ஒருவர், நாலு லட்சம் கட்டினால் ஐரோப்பாவில் ஒரு கிளப்பில் பதினைந்து நாள் டிரையல், பிடித்துப்போனால் உடனே காண்ட்ராக்ட் என்கிறார். குழுக் கடனும் நகையும் சேர்த்தால் புரட்டிவிடலாம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். நம்ம ஊர்ப் பிள்ளைகள் யாராவது இப்படிப் போய் ஆடியிருக்கிறார்களா? இதை நம்பிப் பிழைக்க முடியுமா? பெயர் போட வேண்டாம் சார்.

அன்புள்ள சகோதரிக்கு,

பணத்தைக் கட்டாதீர்கள். வெள்ளிக்கிழமைக்குள் உங்களுக்குத் தெரிய வேண்டியது இது ஒன்றுதான் என்பதால் முதலில் எழுதிவிட்டேன். மீதியை வேலை முடிந்து வந்து நிதானமாகப் படியுங்கள், பையனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

பதினெட்டு வயது முடியாத ஆட்டக்காரரை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக் கிளப்புக்கு மாற்றக் கூடாது என்பது உலக ஃபுட்பால் அமைப்பான ஃபிஃபாவின் விதி. பெற்றோர் வேறு காரணத்துக்காக அந்த நாட்டுக்கே குடிபோனால் விலக்கு உண்டு, ஐரோப்பிய நாடுகளுக்குள் பதினாறு முடிந்தவர்களுக்கு உண்டு, எல்லையோரத்துப் பிள்ளைகளுக்கு உண்டு, இன்னும் ஒன்றிரண்டு உண்டு. ஆம்பூர்ப் பையனுக்கு அவை எதுவும் பொருந்தாது. ஆகவே 'உடனே காண்ட்ராக்ட்' என்ற பேச்சே பொய். அப்புறம், ஏஜென்ட் என்று சொல்லிக்கொள்பவர் ஃபிஃபா தேர்வு எழுதி உரிமம் வாங்கியிருக்க வேண்டும். 2023-இல் அந்தத் தேர்வை மறுபடி கொண்டுவந்தார்கள். உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஒழுங்கான ஏஜென்ட் ஆட்டக்காரரின் சம்பளத்தில் ஒரு பங்கை வாங்குகிறவர். அம்மாவின் நகையில் கை வைக்கிறவர் அந்தத் தொழிலைச் செய்பவரே இல்லை.

பதினெட்டு முடிந்துவிட்டால் போகலாமா என்று பையன் கேட்பான். அவன் மிட்ஃபீல்டர் என்பதால்தான் இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

எங்கள் வேலூருக்குப் பெயர் வாங்கித் தந்த விளையாட்டு பளு தூக்குதல். சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில், 77 கிலோ பிரிவில், இரண்டு வகைத் தூக்கலிலும் சேர்த்து 149-ம் 179-ம் ஆக 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். 2018-இல் கோல்ட் கோஸ்ட்டிலும் தங்கம். 328 என்ற எண்ணோடு யாரும் வாதாட முடியாது. சத்துவாச்சாரியில் தூக்கினாலும் கிளாஸ்கோவில் தூக்கினாலும் இரும்பின் எடை ஒன்றுதான். ஃபுட்பாலில் ஃபார்வர்டுக்குக் கோல் கணக்கு இருக்கிறது. மிட்ஃபீல்டருக்கு அப்படிக் காட்ட ஓர் எண் கிடையாது. அவன் வேலை மற்ற பத்துப் பேரின் ஆட்டத்துக்குள் கரைந்து கிடக்கிறது. முன்பின் தெரியாத பிள்ளைகளோடு பதினைந்து நாள் டிரையலில் நிறுத்தினால், அவன் பந்தைத் தள்ளிவிடும் இடத்துக்கு ஓடிவர யாருக்கும் தெரியாது. பார்க்கிறவர் கண்ணுக்கு அது தப்பான பாஸாகத்தான் தெரியும். நல்ல மிட்ஃபீல்டர் என்று ஒருவரைக் கண்டுகொள்ள ஒரு சீசனாவது அவரைப் பார்த்திருக்க வேண்டும். காசு கட்டிப் போகும் டிரையல் யாருக்குமே வேண்டாம், மிட்ஃபீல்டருக்கு அறவே வேண்டாம்.

யாராவது போயிருக்கிறார்களா என்று கேட்டீர்கள். 2003 ஜூலை மாதக் கடைசி. சிஎம்சி ஆஸ்பத்திரி எதிரே காந்தி ரோட்டு லாட்ஜ்களில் வங்காளிகள் கூட்டம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும், போர்டுகூட வங்காள எழுத்தில்தான். ஒரு டீக்கடை பெஞ்சில், மனைவியின் சிகிச்சைக்கு வந்திருந்த ஒரு பெரியவர் வங்காளப் பேப்பரை விரித்து வைத்திருந்தார். அதில் ஒரு டீம் போட்டோ. ஜகார்த்தாவில் நடந்த ஆசியான் கிளப் கோப்பை இறுதி ஆட்டத்தில், தாய்லாந்தின் பெக் டெரோ சாசனாவைக் கொல்கத்தா கிளப்பான ஈஸ்ட் பெங்கால் 3–1 என்று ஜெயித்திருந்தது. எனக்கு அந்த எழுத்து படிக்கத் தெரியாது. பெரியவரின் விரல் ஒவ்வொரு முகமாக நகர்ந்து ஒரு முகத்தில் நின்றது. என்னைப் பார்த்து, "மெட்ராஸ், மெட்ராஸ்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

அந்த முகம் கலியா குலோத்துங்கன். தஞ்சாவூர்க்காரர், மிட்ஃபீல்டர். ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் என்ற கொல்கத்தாவின் இரண்டு கிளப்பிலும் ஆடினார், பிறகு விவா கேரளாவில் ஆடினார். தஞ்சாவூர்ப் பையனுக்குக் கொல்கத்தாவே வெளிநாடு மாதிரிதான். பேச்சு வேறு, சாப்பாடு வேறு. அங்கே வேரூன்றிய பிறகுதான் ஜகார்த்தா வந்தது. 2018-இல் தஞ்சாவூரிலேயே பைக் விபத்தில் இறந்தார். கொல்கத்தாவில் அவருக்காக அழுத அளவுக்கு நம் பக்கத்தில் அழவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்றும் தீரவில்லை.

இன்னொருவர் விகாஷ் தொராசூ. மொரீஷியஸ் தெலுங்கு வம்சாவளி, பிரான்ஸில் பிறந்தவர், அவரும் மிட்ஃபீல்டர். 1993-இல் தன் பிறந்த மண்ணின் கிளப்பான லே ஆவ்ரில் தொடங்கி, லியோன், போர்தோ என்று சொந்த நாட்டிலேயே 11 வருஷம் ஆடினார். லியோனில் இரண்டு லீக் பட்டம் வாங்கிய பிறகுதான் 2004-இல் இத்தாலியின் ஏசி மிலான். அப்போது அவருக்கு முப்பது வயது. அங்கேயும் பெஞ்சில்தான் அதிகம் உட்கார்ந்திருந்தார். 2006 உலகக் கோப்பையில் பிரான்ஸ் அணியில் இருந்தும் களத்தில் நின்றது சில நிமிடங்கள். அவ்வளவு பழுத்த ஆட்டக்காரருக்கே வெளிநாடு அப்படித்தான் இருந்தது.

சுனில் சேத்ரி ஃபார்வர்டுதான், இருந்தாலும் அவர் கதையையும் பையன் தெரிந்துகொள்ளட்டும். 2009-இல் லண்டன் கிளப் ஒன்று அவரை எடுத்துக்கொண்டும், இந்தியா உலகத் தரவரிசையில் முதல் 70-க்குள் இல்லை என்று வேலை அனுமதி மறுத்துவிட்டார்கள்.

பிழைக்க முடியுமா என்ற கேள்வி அம்மாவின் கேள்வி. முடியும், ஆனால் ஒற்றைக் காலில் நின்று முடியாது. குமரிக் கடற்கரையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டி, ஜாம்ஷெட்பூர் என்று கிளப் கிளப்பாக ஏறிக் கொல்கத்தா போனவர். 2020 நவம்பரில், இந்திய ஃபுட்பால் லீக்கான ஐஎஸ்எல் சீசனின் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போனது. அந்த சீசனே போனது. கடலூர் இந்துமதி கதிரேசன் இந்தியப் பெண்கள் அணியின் மிட்ஃபீல்டர், கூடவே தமிழ்நாடு போலீஸில் சப்-இன்ஸ்பெக்டர். எனக்குப் பிடித்த வழி இந்துமதியின் வழி. பையன் பிளஸ் டூவை முடிக்கட்டும், ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் காலேஜ் சேரட்டும், சென்னை லீக்கில் ஏதாவது ஒரு டிவிஷனில் ஒரு முழு சீசன் ஆடட்டும். ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐசிஎஃப், இந்தியன் வங்கி போன்றவற்றின் அணிகள் தலைமுறை தலைமுறையாக ஃபுட்பால் ஆடியவர்களுக்குச் சம்பளமும் கொடுத்திருக்கின்றன. இதற்கெல்லாம் நாலு லட்சம் ஆகாது. நல்ல பூட்ஸும் பஸ் காசும் முட்டையும் போதும்.

அப்புறம் ஒரு வேலை உங்களுக்கு. அடுத்த மாட்சுக்குப் போனால் பத்து நிமிஷம் பந்தைப் பார்க்காதீர்கள், உங்கள் பையன் தலையை மட்டும் பாருங்கள். பந்து தன்னிடம் வருவதற்கு முன்னால் இடது தோளுக்கு மேல் ஒரு தடவை, வலது தோளுக்கு மேல் ஒரு தடவை அவன் திரும்பிப் பார்க்கிறானா? எத்தனை தடவை? பார்சிலோனா கிளப்பில் ஆடிய மிட்ஃபீல்டர் சாவி அப்படித்தான் ஓயாமல் தலையைத் திருப்பிக்கொண்டே இருப்பார். பந்து காலுக்கு வந்த பிறகு யோசிப்பவனைப் பந்தோடு சேர்த்து மடக்கிவிடுவார்கள். முன்னாலேயே பார்த்து வைத்தவனுக்கு ஒரே தொடுதல் போதும். தையல் மிஷினில் உட்காரும் உங்களுக்கு இது புரியும். இந்தத் தையல் ஓடும்போதே உங்கள் கண் அடுத்த வளைவில் இருக்கும் இல்லையா, அதேதான்.

அந்த மாட்ச்சை யாராவது ஒருவர் உயரமான இடத்தில் நின்று போனில் முழுசாகப் படம் பிடிக்கட்டும், தொண்ணூறு நிமிஷமும். நல்ல இடங்களை மட்டும் வெட்டி ஒட்டிய ரெண்டு நிமிஷ வீடியோ மிட்ஃபீல்டருக்கு உதவாது, பந்து இல்லாதபோது அவன் எங்கே நிற்கிறான் என்பது அதில் இருக்காது. ஏதாவது கிளப் கோச்சிடம் கொடுப்பதானால் முழு வீடியோவையே கொடுங்கள்.

மாட்ச் என்றைக்கு என்று எழுதுங்கள். காட்பாடியில் ரயில் ஏறினால் ஆம்பூர் ஒரு மணி நேரம்தான். நானும் வந்து எண்ணுகிறேன்.

அன்புடன்.