ஓட்டமா, எடையா?

கேள்வி: நான் வாரத்தில் ஐந்து நாள்கள் ஓடுகிறேன். எடைப் பயிற்சியையும் சேர்த்தால் இரண்டுமே உருப்படாது என்கிறார்களே, உண்மையா?

பதில்: இந்த அச்சம் அடிப்படையற்றதன்று. 1980-இல் ராபர்ட் ஹிக்சன் வெளியிட்ட ஆய்வில், கடுமையான ஓட்டத்தையும் மிதிவண்டிப் பயிற்சியையும் எடைப் பயிற்சியோடு சேர்த்துச் செய்தவர்களின் வலிமை, சில வாரங்கள் நன்றாக வளர்ந்து, பின்னர் தேங்கிவிட்டது. ஆனால் அவர்கள் ஏறக்குறைய நாள்தோறும் இரண்டிலும் உடலைப் பிழிந்தெடுத்தவர்கள். உடல்நலத்துக்காகப் பயிற்சி செய்பவர் அதைக் கண்டு மிரள வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனமே, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை விரைவு நடை போன்ற மிதமான இதயப் பயிற்சியையும், குறைந்தது இரண்டு நாள்கள் தசைப் பயிற்சியையும் சேர்த்துத்தான் பரிந்துரைக்கிறது.

ஆகவே ஐந்து ஓட்டங்களில் இரண்டை எடைப் பயிற்சிக்கு விட்டுக்கொடுங்கள். இரண்டையும் ஒரே நாளில் செய்ய நேர்ந்தால், வலிமையே நோக்கம் என்பவர் எடையை முதலில் தூக்குவது நல்லது; ஓடிக் களைத்த கால்களோடு ஸ்குவாட் (எடையோடு முழங்காலை மடக்கி அமர்ந்து எழும் பயிற்சி) செய்தால், முழங்கால்கள் உள்நோக்கிச் சரிவதையும் முதுகு வளைவதையும் கண்ணாடியிலேயே பார்க்கலாம். நெடுந்தூர ஓட்டப் போட்டிக்குத் தயாராகிறவருக்கு இந்த வரிசை தலைகீழாகும். தொடக்கத்தில் பன்னிரண்டு முறை சீராகத் தூக்கக்கூடிய எடையே போதும். அது எளிதானபின் சற்றே கூட்டுங்கள்.