குழந்தைகள் ஆய்வுப் பிரிவில் நர்ஸ் வேலை: கேள்வி பதில்

வேலூரில் குழந்தைகளுக்கான சிறப்புப் பிரிவு ஒன்றில் ரிசர்ச் நர்ஸாக, அதாவது மருத்துவ ஆய்வுகளில் சேரும் குழந்தைகளைக் கவனிக்கும் நர்ஸாக இருக்கிறேன். இந்த வேலையைப் பற்றி எனக்கு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பயத்தில் கேட்டவை. அவற்றுக்குத்தான் நீளமாகப் பதில் சொல்லியிருக்கிறேன்.

குடியாத்தம், நர்சிங் மூன்றாம் ஆண்டு மாணவி: அக்கா, வார்டு நர்ஸ் வேலைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஃபைல் எழுதுவதுதான் வேலையா?

எழுத்து வேலை நிறைய உண்டும்மா. ஆனால் அதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு மருந்து குழந்தையின் இரத்தத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்க்கும்போது, சாம்பிள் எடுத்த நேரம் பத்து நிமிடம் தவறினாலே கணக்கு மாறிவிடும். சேர்ந்த புதிதில் ஒரு நாள் நேரத்தைக் குறிக்க மறந்து, மதியம் ஞாபகத்திலிருந்து எழுதினேன். மனசு கேட்கவில்லை, டாக்டரிடம் சொல்லிவிட்டேன். அந்த சாம்பிளைக் கணக்கில் சேர்க்கவில்லை. அந்தப் பிள்ளையைக் குத்திய குத்து வீணாகப் போனது இன்றும் உறுத்துகிறது. தப்பாக எழுதிவிட்டால் ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். ஒயிட்னர் தொடவே கூடாது.

ஆற்காடு, ஒரு தாய்: சிஸ்டர், என் பையனை ஆராய்ச்சியில் சேர்க்கச் சொல்கிறார்கள். மாட்டேன் என்றால் வைத்தியம் நின்றுவிடுமா? அவனை எலி மாதிரி ஆக்கிவிடுவார்களோ என்று தூக்கமே வரவில்லை.

நிற்காதும்மா. நீங்கள் வேண்டாம் என்றாலும் அவனுக்கு உரிய வைத்தியம் அப்படியே நடக்க வேண்டும். சேர்ந்த பிறகும் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. படிவத்தை உடனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள். வீட்டுக்கு எடுத்துப் போய் அவன் அப்பாவோடு உட்கார்ந்து படியுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு முழுவதும் வாசித்துக் காட்டிய பிறகுதான் கைநாட்டு. ஆய்வோடு சம்பந்தமில்லாத சாட்சி ஒருவர் அப்போது கூடவே இருக்க வேண்டும். ஒரு பிரதி உங்களுக்குச் சேர வேண்டும், கேட்டு வாங்குங்கள்.

எந்த ஆய்வும் எத்திக்ஸ் கமிட்டி, அதாவது ஆய்வு நெறிப்படி நடக்குமா என்று பார்க்கும் குழு, அனுமதி தராமல் தொடங்காது. அந்தக் கமிட்டியில் டாக்டர்கள் மட்டும் இல்லை, சட்டம் படித்தவரும் மருத்துவத் துறை சாராத சாதாரண மனிதர் ஒருவரும் இருப்பார்கள். புது மருந்துச் சோதனையால் பிள்ளைக்குப் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சைக்கும் இழப்பீட்டுக்கும் 2019-ம் ஆண்டு விதிகளில் வழி இருக்கிறது.

நான் விளக்கி முடித்ததும் தாய்மாரிடம் ஒன்று கேட்பேன்: "வீட்டுல மாமியார் என்னன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?" அவர் தன் வார்த்தையில் சொன்னால் புரிந்திருக்கிறது. "டாக்டர் சொன்னாரு, போட்டுட்டேன்" என்றால் முதலிலிருந்து மறுபடி ஆரம்பிப்பேன். அவசரப்படுத்தி வாங்கும் கையெழுத்தை நான் ஒப்புதலாக நினைப்பதே இல்லை.

கஸ்பா, ஒரு தாத்தா: பாதிப் பிள்ளைகளுக்கு வெறும் தண்ணியைக் கொடுத்து ஏமாற்றுவதாகச் சொல்கிறார்களே?

ஐயா, பார்க்க மருந்து மாதிரியே இருந்து உள்ளே மருந்து இல்லாத போலி மருந்தை ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுக்கும் ஆய்வுகள் உண்டு. ஆனால் அதை முன்கூட்டியே சொல்லித்தான் சேர்க்க வேண்டும். நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்குக்கான ரோட்டாவேக் தடுப்பு மருந்தை டெல்லி, புனே, வேலூர் மூன்று இடங்களிலும் சேர்த்து 6,799 குழந்தைகளிடம் சோதித்தார்கள். மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகளுக்கு அசல், மீதிப் பேருக்குப் போலி. யாருக்கு எது என்று வீட்டாருக்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் தெரியாது. தெரிந்துவிட்டால் நம் கண்ணே நம்மை ஏமாற்றிவிடும். முடிவுகள் 2014-ல் வெளிவந்தன. 2016-ல் ரோட்டா தடுப்பு மருந்து தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் நுழைந்தது. இன்று உங்கள் பேரப்பிள்ளைக்கு 6, 10, 14-வது வாரங்களில் காசில்லாமல் கிடைப்பதற்குப் பின்னால், அன்று நம்பிச் சம்மதித்த நம் ஊர் வீடுகளும் இருக்கின்றன.

ராணிப்பேட்டை, ஸ்டாஃப் நர்ஸ்: சின்னக் குழந்தையிடம் எவ்வளவுதான் இரத்தம் எடுப்பீர்கள்?

பச்சிளங் குழந்தைக்கு உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 80 மி.லி. இரத்தம். மூன்று கிலோ பிள்ளையின் மொத்த இரத்தமே 240 மி.லி., ஒரு தம்ளர் அளவுதான். அதனால் ஒரு தடவைக்கு எவ்வளவு, மொத்தம் எவ்வளவு என்பதை ஆய்வுத் திட்டத்திலேயே எழுதி அனுமதி வாங்க வேண்டும். வார்டில் எடுப்பதையும் சேர்த்தே நான் கணக்கு வைப்பேன். அங்கே ஏற்கனவே நிறைய எடுத்திருந்தால், டாக்டரிடம் சொல்லி எங்கள் சாம்பிளை விட்டுவிடுவோம். முடிந்தவரை சிகிச்சைக்காகக் குத்தும்போதே ஆய்வுக்கும் எடுத்துக்கொள்வது நல்லது. கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு மரத்துப்போகும் கிரீமை ஒரு மணி நேரம் முன்னாலேயே தடவிவிட வேண்டும், கடைசி நிமிடத்தில் தடவினால் பலன் இல்லை. இரண்டு முறை குத்தியும் நரம்பு கிடைக்கவில்லையா, நான் நிறுத்திவிடுவேன்.

ஆம்பூர், பள்ளி ஆசிரியை: பெற்றோர் சம்மதித்தால் போதுமா? பிள்ளையைக் கேட்பதில்லையா?

கேட்கத்தான் வேண்டும் டீச்சர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதலின்படி 7 முதல் 11 வயது வரை வாய்வார்த்தையாகப் பிள்ளையின் இசைவு, 12 வயதிலிருந்து எழுத்தில். பத்து வயதுப் பெண் ஒருத்தி, அம்மா தலையாட்டிய பிறகும், "ஊசி வேணாம் ஆன்ட்டி" என்று கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். அவளைச் சேர்க்கவில்லை.

திருவண்ணாமலை, ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமோ) முடித்த தம்பி: எனக்கு இந்த வேலை கிடைக்குமா? தமிழ் மட்டும்தான் தெரியும்.

கிடைக்கும் தம்பி. தமிழ்நாடு செவிலியர் கவுன்சில் பதிவு வேண்டும். மருத்துவ ஆய்வு நெறிமுறைப் பயிற்சியான ஜி.சி.பி. சான்றிதழ் இருந்தால் நல்லது, ஆன்லைனிலேயே படிக்கலாம். முதலில் இரண்டு வருடம் குழந்தைகள் வார்டில் வேலை பாருங்கள், கை பழகும். வேலூருக்கு வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். "பயப்படாதே", "வலிக்குதா" என்கிற அளவுக்காவது இந்தியும் தெலுங்கும் கற்றுக்கொள்ளுங்கள். ஒப்புதல் வாங்க மட்டும் அந்த மொழி நன்றாகத் தெரிந்தவரைத்தான் கூப்பிட வேண்டும். அப்புறம், இவை பெரும்பாலும் ஒப்பந்த வேலைகள், புராஜெக்ட் முடிந்தால் வேலையும் முடிந்துவிடும். அதனால் இன்டர்வியூவில் கூச்சப்படாமல், இன்னும் எத்தனை மாதத்துக்கு நிதி இருக்கிறது என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.